தன்னார்வத் தையற்கூடம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

தைக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகத் தன்னார்வத் தையற்கூடத்தின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காகப் பலர் கூடித் தைக்கும் இடம்தான் அது. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தையல் தெரிந்தும், பலரோடு சேர்ந்து ஒரே பொருளைத் தைத்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. வீட்டில் நமக்காகத் தைப்பது ஒன்று. கூடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவருக்காகத் தைப்பது இன்னொன்று.

விலை கொடுத்து வாங்கிய பொருளின் தையல் பிரிந்தால் கடையில் போய்ச் சண்டை போடலாம். இலவசமாக வந்த பொருளை யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். பேசாமல் ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் விற்பதற்குத் தைப்பதைவிடக் கொடுப்பதற்குத் தைப்பதில் இன்னும் ஒரு படி அதிகக் கவனம் வேண்டும். கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான விஷயங்கள் இந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

எந்த நாளில் போவது?

ஒரே கூடத்தில் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வேலை நடக்கும். பயிற்சிப் பட்டறை நாளில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார். எல்லோரும் ஒரே பொருளைச் செய்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சேவைத் தையல் நாளில் பாடம் கிடையாது. வேலை குவிந்திருக்கும், தைத்ததெல்லாம் தேவைப்படுகிறவர்களுக்குப் போகும். சில இடங்களில் பழுது பார்க்கும் நாளும் உண்டு. கிழிந்த சட்டை, பல் உடைந்த ஜிப் என்று கொண்டு வருபவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, தெரிந்தவர் அதைச் சரிசெய்ய உதவுவார். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனது.

பாடம் கிடைக்கும் என்று சேவை நாளுக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஆகவே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் யோசனையைக் கேட்டால், புதியவர்கள் முதலில் சேவை நாளுக்கே போகலாம். ஒரு பொருளை முடித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இருக்காது. துணி வந்து இறங்குவதில் தொடங்கிப் பொருள் பெட்டியில் ஏறுவதுவரை எல்லாக் கட்டங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தையலின் அர்த்தம் அங்கேதான் விளங்கும்.

கேட்க வேண்டிய மற்றவை: மெஷின் அங்கே இருக்கிறதா, நம்முடையதைக் கொண்டு போக வேண்டுமா? கட்டணம் உண்டா? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? பாதியில் கிளம்பலாமா? படி ஏற முடியாதவர்களுக்கு வழி இருக்கிறதா? இவ்வளவு போதும்.

என்ன உடுத்துவது, என்ன கொண்டு போவது?

தொங்கும் கைகள் வைத்த உடை வேண்டாம். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், கழுத்தில் தொங்கும் சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஓடும் மெஷினின் சக்கரத்தில் எது வேண்டுமானாலும் சிக்கும். கால் விரல்களை மூடும் செருப்போ ஷூவோ நல்லது, ஏனென்றால் தரையில் குண்டூசி கிடக்கும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவரோ படிப்பதற்குக் கண்ணாடி போடுகிறவரோ, அதை மறக்காதீர்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்ப்பதற்கு நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் வேண்டும்.

நூல் வெட்ட ஒரு சின்னக் கத்தரி, இன்ச் டேப், குறிப்பு நோட்டு, தண்ணீர் பாட்டில். இவை இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி.

வீட்டில் இருக்கும் பழைய துணி மூட்டையைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் கூடங்களுக்கு இது பெரிய பாரம். வந்த துணியைப் பிரித்து, துவைத்து, எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று கண்டுபிடிப்பதற்கு ஆள் வேண்டும். கொடுத்தே தீரவேண்டும் என்றால் முதலில் கேளுங்கள், பிறகு துவைத்துக் காயவைத்து, தெரிந்தால் துணியின் வகையையும் நீள அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் குத்திக் கொடுங்கள். வகை தெரியாவிட்டால் எரித்துப் பார்க்கும் பழைய சோதனை இருக்கிறது. ஒரு சின்னத் துணுக்கை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறைந்துவிடும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் இரண்டு அடையாளமும் தெரியும்.

முதல் மணி நேரம்

உள்ளே போனதும் மெஷினைத் தேடி ஓடாதீர்கள். யார் பொறுப்பாளர், எந்த மேசையில் எந்த வேலை, இஸ்திரிப் பெட்டி எங்கே சூடாக இருக்கிறது, முதலுதவிப் பெட்டி எங்கே என்று பார்த்து வையுங்கள். அப்புறம் கத்தரிக்கோல். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. காகிதம் அதன் முனையை மழுக்கிவிடும். பெரும்பாலும் கைப்பிடியில் ரிப்பன் கட்டியோ பெயர் ஒட்டியோ வைத்திருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். உருட்டி வெட்டும் வட்டக் கத்தி இருந்தால், ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் அதன் அலகை மூட வேண்டும். அடுத்த வெட்டு ஒரு நிமிடத்தில்தானே என்றாலும் மூட வேண்டும்.

தைக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை? ஒரு பொருள் உருவாகும் நேரத்தைக் கூர்ந்து பார்த்தால் மெஷின் ஓடும் நேரம் அதில் ஒரு பங்குதான். துணியைத் தேய்ப்பது, அளந்து குறிப்பது, வெட்டுவது, ஜோடி சேர்த்துக் கட்டுவது, தைத்ததைத் திருப்பி மூலைகளை வெளியே தள்ளுவது, பிசிறு நறுக்குவது, பஞ்சு அடைப்பது, சரிபார்ப்பது, மடித்துப் பெட்டியில் வைப்பது என்று எல்லாவற்றுக்கும் கைகள் வேண்டும். மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய் இஸ்திரி போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். பக்கத்தில் ஒருவர் இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த மெஷின் நிற்காது.

இஸ்திரியில் ஒரு விஷயம் மட்டும். தையலின் மேல் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு கோணலாகும். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். துணியில் உள்ள சீட்டில் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி செல்சியஸ்வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பாலியஸ்டர் ஃப்ளீஸ் துணியில் மூன்று புள்ளிச் சூட்டை வைத்தால் அது உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

வெட்டும் மேசை

புதியவர்களை வெட்டும் மேசையில் ஒரு முறையாவது நிற்கச் சொல்வேன். தையல் தப்பினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டு தப்பினால் துணி போனதுதான். பல அடுக்காக வெட்டும்போது ஒரு தப்பு எல்லா அடுக்கிலும் தப்பாகிவிடும்.

துணியின் இரண்டு பக்கமும் நெருக்கமாக நெய்த கரை இருக்கும். கரைக்கு இணையாக ஓடுவது பாவு நூல். அந்தத் திசையில் துணி மிகக் குறைவாக இழுபடும். குறுக்கே ஓடுவது ஊடை. அந்தத் திசையில் கொஞ்சம் இழுபடும். 45 டிகிரி சாய்வில், அதாவது தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசையில், துணி நன்றாக நீளும். துணியின் மேல் வைத்து வரைந்து வெட்டும் மாதிரி வடிவத்தை அச்சு என்பார்கள். அதில் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது பாவின் திசை. அச்சைத் திருப்பி வைத்தால் நாலு துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றும், திருப்பாதீர்கள். அப்படி வெட்டிய பை துவைத்ததும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

பருத்தி துவைத்தால் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே துவைத்தாயிற்றா என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சைத் துணியின் உள்பக்கத்தில் வைத்துக் குறியுங்கள். சாக்கோ பென்சிலோ துவைத்தால் போகுமா என்று ஒரு துண்டில் சோதித்த பிறகு கோடு போடுங்கள். வெட்டியவற்றை எண்ணி, முன்பக்கம் பின்பக்கம் ஜோடி சேர்த்து, பத்துப் பத்தாகக் கட்டி, மேலே சீட்டு வையுங்கள்: என்ன பொருள், எத்தனை, அடுத்து என்ன செய்ய வேண்டும். சீட்டு இல்லாத கட்டு அடுத்த வாரம் யாருக்கும் புரியாது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எய்ட்ஸ் நினைவு ஒட்டுத்துணி விரிப்பு. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பணி அது. எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயரைத் தாங்கி, அவர்களை நேசித்தவர்கள் ஆளுக்கொரு துண்டு தைத்து அனுப்பினார்கள். அவர்களில் அதுவரை ஊசியைத் தொடாதவர்களும் இருந்தார்கள். என்ன துணி, என்ன நிறம், எப்படி அலங்காரம் என்பதெல்லாம் அவரவர் விருப்பம். அளவு மட்டும் ஒன்றே: 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம் ஒன்று கிடைக்கும். அந்த ஒரு விதியை எல்லோரும் காப்பாற்றியதால்தான், ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரக்கணக்கானோரின் தையல் ஒரே விரிப்பில் சேர்ந்தது. அதே வருடம் அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன.

மெஷினில் உட்காரும்போது

தையல் மெஷின் மேல் நூல், கீழ் நூல் என்று இரண்டைக் கொண்டு தைக்கிறது. ஊசி மேல் நூலைத் துணிக்குள் இறக்கும். கீழே சுழலும் கொக்கி அதைப் பிடித்துப் பாபின் நூலை, அதாவது கீழே சிறு உருளையில் சுற்றியிருக்கும் நூலை, சுற்றிக் கொண்டு வரும். இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற மெஷின் இந்தப் பூட்டுத் தையல் முறையில்தான் ஓடியது. இது மனதில் இருந்தால் மெஷினில் வரும் பாதிச் சிக்கல்களை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வையுங்கள். பாதம் மேலே இருக்கும்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூலுக்கு வழிவிடும். பாதம் கீழே இருந்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும். பார்ப்பதற்குக் கோத்த மாதிரிதான் இருக்கும். தைக்க ஆரம்பித்ததும் துணியின் அடியில் நூல் கூடு கட்டும். கீழே சிக்குவதால் பாபினில்தான் கோளாறு என்று எல்லோரும் பாபினைக் கழற்றுவார்கள். அடியில் கூடு கட்டினால் முதலில் மேல் நூலைப் பாருங்கள். நிறுத்தி, நூலை வெட்டி, பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டென்ஷன் திருகை உடனே திருப்பாதீர்கள். அடுத்து அந்த மெஷினில் உட்காருபவருக்கும் அது வேலை வைக்கும்.

ஊசி உறையில் 80/12, 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணை நூறால் வகுத்தால் ஊசியின் தடிமன் மில்லிமீட்டரில் கிடைக்கும். 80 என்றால் 0.8 மி.மீ. மெல்லிய துணிக்கு 70/10, சாதாரணப் பருத்திக்கு 80/12, கொஞ்சம் கனமானதற்கு 90/14, ஜீன்ஸ் மாதிரித் துணிக்கு 100/16. பனியன் துணி போல் இழுபடும் பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூரான ஊசி அதன் நூலைக் குத்தி அறுத்துவிடும், துணியில் ஓட்டை விழும். மெஷின் அங்கங்கே தையலைத் தாண்டிப் போனாலோ, துணியில் 'டப் டப்' என்று சத்தம் கேட்டாலோ ஊசியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஆடைத் தொழிற்சாலைகளில் உடைந்த ஊசியின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டி வைக்கும் வழக்கமே உண்டு. நாம் தைப்பது ஒரு குழந்தையின் தொப்பியாகவோ நோயாளியின் தலையணையாகவோ இருக்கலாம். குண்டூசிகளுக்கும் இதே கணக்குத்தான். எத்தனை எடுத்தோமோ அத்தனை திரும்பி வர வேண்டும்.

உட்கார்ந்ததும் முதலில் ஒரு வெட்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். தையல் நீளம் 2.5 மி.மீ. சாதாரண வேலைக்குப் போதும். ஆரம்பத்தில் இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தையல் போடுங்கள். பிறகு ரிவர்ஸ் அடித்து மறுபடி முன்னால் வாருங்கள். முடிக்கும்போதும் அப்படியே. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். கீழே இருக்கும் பல் துணியைத் தானே நகர்த்தும். இழுத்தால் ஊசி வளைந்து, கீழே உள்ள ஊசித் தட்டில் மோதி உடையும். உங்கள் கை வழிகாட்டினால் போதும்.

கண் ஊசியில் இருக்கக் கூடாது என்பது ஆரம்பத்தில் விநோதமாக இருக்கும். ஊசித் தட்டில் கோடுகள் போட்டிருக்கும். துணியின் ஓரம் 1 செ.மீ. கோட்டைத் தொட்டபடி போகிறதா என்று மட்டும் பாருங்கள், தையல் தானாக நேராக விழும். மூலை வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். நூல் கோக்கும்போதும் ஊசிக்குப் பக்கத்தில் விரல் போகும்போதும் கால் பெடலில் இருக்கவே கூடாது. குண்டூசியின் மேல் தைக்க வேண்டாம். ஊசி அதனருகே வரும் முன்னாலேயே உருவிவிடுங்கள்.

முதல் பொருள்: சுருக்குப் பை

பெரும்பாலான கூடங்களில் புதியவர்களுக்குச் சுருக்குப் பை கொடுப்பார்கள். எல்லாம் நேர்த்தையல். ஆனால் மடிப்பு, மூலை, திறப்பு என்று வேண்டிய பாடம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் சாமான், பள்ளிப் பொருட்கள், சுகாதாரப் பொருட்கள் என்று எதைப் போட்டுக் கொடுக்கவும் இந்தப் பை உதவும்.

30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இரண்டு பக்கங்களையும் அடிப்பக்கத்தையும் ஜிக்ஜாக் தையலாலோ ஓவர்லாக்காலோ ஓரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்க நூல் பிரியும். நல்ல பக்கங்கள் ஒன்றை ஒன்று பார்க்கும்படி இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். இரண்டு பக்கமும் மேலிருந்து 8 செ.மீ. அளந்து குறி போடுங்கள். ஒரு குறியில் தொடங்கிக் கீழே இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கத்துக் குறிவரை 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். இரண்டு குறியிலும் ரிவர்ஸ் அடிக்க மறக்காதீர்கள், பை கிழிய ஆரம்பிப்பது அங்கேதான்.

பக்கத் தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். மேலே தைக்காமல் விட்ட 8 செ.மீ. பகுதியிலும் அதே 1 செ.மீ. மடிப்பு விழும். அந்த மடிப்பின் மேல் திறப்பைச் சுற்றி 'ப' வடிவைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்ததுபோல் ஒரு தையல் ஓட்டுங்கள். கீழே திரும்பும் இடம் குறிக்குச் சற்றுக் கீழே வரட்டும். இப்போது வாய்ப்பக்கத்தை முதலில் 1 செ.மீ., அப்புறம் 3 செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, உள்மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. இரண்டு பக்கமும் கயிறு ஓடும் குழாய் கிடைத்துவிடும். அடி மூலைகளில் மிச்சத் துணியைத் தையலுக்குப் படாமல் சாய்வாக நறுக்கி, பையைத் திருப்பி, மழுங்கலான குச்சியால் மூலையைத் தள்ளுங்கள். கத்தரி முனையால் தள்ளினால் துணி கிழியும். ஒவ்வொன்றும் 80 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறுகள். ஒன்றைப் பின்னூசியில் மாட்டி இடப்பக்கம் நுழைத்து, இரண்டு குழாய்களையும் சுற்றி இடப்பக்கமே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இன்னொன்றை வலப்பக்கத்திலிருந்து அதே மாதிரி. இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் மூடும். முடிந்த பை ஏறக்குறைய 28க்கு 35 செ.மீ. இருக்கும்.

தப்பாக வந்தால் பிரியுங்கள். தையல் பிரிக்கும் கருவியால் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை இழுத்தால் முழுதாக உருவிக்கொண்டு வரும். கூடத்தில் மிகவும் கைதேர்ந்தவர்களின் மேசையில்தான் இந்தக் கருவியை அடிக்கடி பார்க்கலாம். தைத்து முடித்த ஒவ்வொரு பொருளையும் தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். உங்கள் கையில் பிரியாதது பயன்படுத்துகிறவர் கையிலும் தாங்கும்.

சொன்ன மாதிரியே தைப்பது

கொஞ்சம் கைவந்ததும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: இதை இன்னும் அழகாகச் செய்தால் என்ன? ஒரு லேஸ், ஒரு பட்டன், ஒரு பூ. வீட்டில் செய்யுங்கள், அருமையான ஆசை. கூடத்தில் கொடுக்கும் அளவுக்கும் துணிக்கும் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அது சீட்டில் எழுதியிருக்காது.

மார்பக அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கென்று இதய வடிவத் தலையணை தைப்பார்கள். அந்த வடிவம் அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மேடுகளுக்கும் நடுவில் உள்ள பள்ளம் அக்குளில் பொருந்தும். கை உடம்பில் உரசாமல், வெட்டுக்காயத்தில் பாரம் விழாமல் தாங்கும். பஞ்சை இறுக்கி அடைத்தால் கல் மாதிரி குத்தும், குறைத்தால் தாங்காது. தொடுகிற துணி மிருதுவான பருத்தியாக இருக்க வேண்டும். பட்டன், மணி எதுவும் கூடாது. கீமோதெரபியில் முடி உதிர்ந்தவர்களுக்கான தொப்பியில், தலையின் தோலில் முரட்டுத் தையல் படக் கூடாது. பச்சைக் குழந்தைப் பொருட்களில் பட்டன், முத்து, நீளமான நாடா எதுவும் ஆபத்து. வாயில் போகும், கழுத்தில் சுற்றும். துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணிப் பட்டைகளுக்கான துணியை, மணக்கும் மிருதுவாக்கி ஊற்றி அலசக் கூடாது, ஈரத்தை உறிஞ்சும் சக்தி போய்விடும்.

2020இல் உலகம் முழுக்க முகக்கவசம் தைத்தார்கள். அந்த ஜூனில் உலக சுகாதார நிறுவனம் துணிக் கவசத்துக்கு மூன்று அடுக்குகளைச் சொன்னது: உள்ளே பருத்தி போல ஈரம் உறிஞ்சுவது, வெளியே பாலியஸ்டர் போல ஈரம் உறிஞ்சாதது, நடுவில் வடிகட்டும் அடுக்கு. உள்ளதையும் வெளியேயுள்ளதையும் மாற்றி வைத்துத் தைத்தால் பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் வேலை கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் 'இது ஏன் இப்படி?' என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் கை தானாகவே கவனமாகும். காரணம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், உங்கள் யோசனைக்கு அப்போது இடம் இருக்கும்.

கூடத்தில் மனிதர்கள்

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் தையலுக்காக மட்டும் வருவதில்லை. துணையை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர், தான் நோயிலிருந்து மீண்டு இப்போது அடுத்தவருக்குத் தைக்க வந்தவர் என்று பலரும் இருப்பார்கள். பேச்சு தானாக வரும்; தோண்டிக் கேட்க வேண்டியதில்லை. பேசாமல் ஓரமாக உட்கார்ந்து தைப்பவரைப் பேசாமலே விடுவதும் அன்புதான்.

உதவி கேட்கும்போது எதிரில் இருப்பவர் தையல் வரிசையின் முடிவுக்கு வரும்வரை காத்திருந்து கேளுங்கள். ஓடும் மெஷினில் இருப்பவரைத் தோளில் தட்டினால் அவர் விரலுக்கு ஆபத்து. அடுத்தவர் தைத்ததைக் கேட்காமல் பிரிக்க வேண்டாம். சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கோ அவரிடம் கொடுங்கள். புகைப்படம் எடுக்கும் முன் அனுமதி. பொருளைப் பெறுகிறவர்களின் பெயரோ நோயோ தெரியவந்தால் அது அந்த அறையைத் தாண்டக் கூடாது.

உடம்பையும் பாருங்கள். முதுகு வளைந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் கழுத்து திரும்பாது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நடந்து, கொஞ்ச நேரம் பிசிறு நறுக்கிவிட்டு அல்லது மடித்துவிட்டு மறுபடி உட்காரலாம்.

கிளம்பும் முன் மெஷினை அணைத்து, ஊசித் தட்டைக் கழற்றி, பல்லுக்கிடையில் சேர்ந்த பஞ்சுத் தூசியைப் பிரஷால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போய்த் துருப்பிடிக்கும். எண்ணெய் விடுவதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், எண்ணெயே விடக் கூடாத மெஷின்களும் இருக்கின்றன. ஏதாவது கோளாறு கண்டால் ஒரு சீட்டில் எழுதி மெஷினிலேயே ஒட்டுங்கள். தைத்து முடிக்காத துணிக்கட்டில் எதுவரை தைத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைப்பது

வெட்டிய துணி, நூல், செய்முறைச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கொடுக்கும் கூடங்கள் உண்டு. ஒரு பொருளையாவது கூடத்தில் தைத்துச் சரிபார்க்கக் கொடுத்த பிறகு எடுத்துப் போவது நல்லது. அறிவுறுத்தியதைத் தவிர வேறு துணியையோ நூலையோ சேர்க்காதீர்கள். வீட்டில் நாய், பூனை இருந்தாலோ யாராவது புகை பிடித்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு நாய், பூனையின் முடியும் புகை வாசனையும் தொல்லை. கூடத்தில் உங்களுக்கு வேறு வேலை தருவார்கள், அதில் குறை எதுவும் இல்லை. சொன்ன தேதிக்குள் முடியாது என்று தோன்றினால் தைக்காத துணியையே திருப்பிக் கொடுங்கள். அலமாரியில் தூங்கும் துணியைவிடத் திரும்பி வந்த துணி நூறு மடங்கு மேல். எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் குறைத்தே சொல்லுங்கள். மாதம் ஒரு முறை தவறாமல் வருபவரை நம்பிக் கூடம் திட்டம் போட முடியும்.

பக்கத்தில் கூடமே இல்லை என்றால்

நாலு பேர், இரண்டு மெஷின், ஒரு பெரிய மேசை, ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்தால் நீங்களே தொடங்கலாம். துணியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு மருத்துவமனை, முதியோர் இல்லம், காப்பகம் என்று ஏதாவது ஓரிடத்துக்குப் போய், அங்கே தினமும் வேலை பார்க்கிறவரிடம் உண்மையில் என்ன தேவை என்று கேளுங்கள். எத்தனை வேண்டும், என்ன அளவு, எந்தத் துணி, அவர்கள் எப்படித் துவைக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பொருளைத் தைத்துக் கொண்டுபோய்க் காட்டி, பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி, மாற்றம் இருந்தால் மாற்றி, அவர்கள் சரி என்ற பிறகு துணி வாங்குங்கள். நாலு பேரில் ஒருவராவது வெட்டுவதற்கும் ஒருவராவது இஸ்திரிக்கும் முதலிலேயே ஒப்புக்கொள்ளட்டும்; இரண்டு மெஷினுக்கு அந்தக் கணக்குச் சரியாக வரும்.